மஞ்சள் பொட்டலத்துக்குப் பின்னால் ஒரு மளிகைக்கடைக்காரர்: தோமஸ் லிப்டனின் வாழ்க்கை

பேரங்காடியில் தேயிலை அடுக்கின் முன்னால் நிற்பவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்? பெரும்பாலும் யோசிப்பதே இல்லை. வீட்டில் அம்மா வாங்கிய பொட்டலம் என்ன நிறமோ, அந்த நிறத்தை நோக்கிக் கை தானாகப் போகிறது. பக்கத்தில் இருப்பது ஐம்பது காசு மலிவு என்று தெரிந்தாலும் கை மாறுவதில்லை. ஏன் அதையே வாங்குகிறீர்கள் என்று கேட்டால், அது நன்றாக இருக்கும் என்று பதில் வரும். மற்றதைக் குடித்துப் பார்த்தீர்களா என்றால் சிரிப்புதான் வரும்.

பயனீட்டாளர் மனப்போக்கு என்று இன்று கல்லூரிகளில் பாடமாகச் சொல்லித்தரப்படும் இந்த விஷயத்தை, எந்தக் கல்லூரிக்கும் போகாமல் தெரிந்துகொண்டவர் தோமஸ் லிப்டன். நம் தோட்டப்புற மக்களுக்கு இவர் கதையில் கூடுதலாக ஒரு பங்கு உண்டு. இவருடைய பொட்டலங்களை உலகமெங்கும் கொண்டு சேர்த்த விளம்பரங்களில் சிரித்துக்கொண்டு நின்றவர், தலையிலிருந்து கூடை தொங்கும் ஒரு தமிழ்ப் பெண்.

லிப்டன் 1848-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். பிற்காலத்தில் தாம் 1850-இல் பிறந்ததாகச் சொல்லிக்கொள்வார். தம் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது அங்கங்கே கொஞ்சம் மெருகு ஏற்றும் பழக்கம் அவருக்கு இருந்தது. எனவே அவர் சொன்ன கதைகளை அந்த எச்சரிக்கையோடுதான் கேட்க வேண்டும். பெற்றோர் அயர்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்தவர்கள். உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்த காலத்தில் பிழைப்புத் தேடி கிளாஸ்கோ வந்தவர்கள். கோர்பல்ஸ் என்ற ஏழைகள் வட்டாரத்தில் அடுக்குமாடி ஒன்றில் குடியிருந்து, சின்னதாக ஒரு கடை வைத்தார்கள். வெண்ணெய், முட்டை, பன்றி இறைச்சி ஆகியவைதான் வியாபாரம்.

அந்தக் கடையில் நடந்ததாக லிப்டனே சொல்லிவந்த ஒரு சம்பவம் உண்டு. முட்டைகளை வாடிக்கையாளரிடம் எடுத்துக் கொடுப்பவர் அப்பா. அவருக்குப் பெரிய கைகள். அதில் முட்டை சின்னதாகத் தெரிகிறது, அம்மாவே எடுத்துக் கொடுக்கட்டும், அவர் கை சின்னது என்று சிறுவன் யோசனை சொன்னானாம். நடந்ததோ இல்லையோ, லிப்டன் பின்னாளில் செய்த வியாபாரம் முழுவதும் இந்த ஒரு சம்பவத்துக்குள் அடங்கிவிடும். வாங்குகிறவர் முட்டையை நிறுத்துப் பார்த்து முடிவு செய்வதில்லை. பார்த்த மாத்திரத்தில் மனம் முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவுக்கு நியாயம் தேடுவது அதன் பிறகுதான்.

சின்ன வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு எழுதுபொருள் கடையில் எடுபிடி வேலை பார்த்தார். பிறகு கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்டுக்கும் இடையில் ஓடும் நீராவிக் கப்பலில் வேலை. அமெரிக்கா போகும் பயணிகளின் கதைகளை அங்கே கேட்டுக் கேட்டு, பதினாறு, பதினேழு வயதில் தாமும் கப்பல் ஏறினார். வெர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலைனாவில் நெல் தோட்டத்திலும் கூலி வேலை செய்தார். ஆக, பின்னாளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் தோட்டத்துக்கு முதலாளியான இவர், தோட்ட வேலை என்றால் என்னவென்று கைப்படத் தெரிந்தவர்தான். அதை நினைவில் வைத்திருந்தாரா என்பது வேறு கேள்வி.

நியூயார்க்கில் ஒரு பெரிய கடையின் மளிகைப் பிரிவில் சேர்ந்தது திருப்புமுனை. பிரிட்டனில் அப்போதைய மளிகைக்கடை என்றால் இருட்டறை. சரக்கு பீப்பாயிலும் பெட்டியிலும் கிடக்கும். கடைக்காரர் உள்ளே போய் அள்ளி, நிறுத்து, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். நிறுக்கும்போது தராசுத் தட்டில் கட்டைவிரலும் சேர்ந்து உட்காரும். அமெரிக்கக் கடையில் வெளிச்சம் இருந்தது, சரக்கு கண்முன்னே அடுக்கப்பட்டிருந்தது, விலை எழுதப்பட்டிருந்தது, விற்பவர் முகம் கொடுத்துப் பேசினார். இளைஞர் லிப்டன் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் சேமிப்போடு ஊர் திரும்பினார்.

1871 மே 10 அன்று கிளாஸ்கோவின் ஸ்டாப்கிராஸ் தெருவில் சொந்தக் கடை திறந்தார். விளக்குகளை மங்க விடமாட்டார், சன்னலைத் தினமும் துடைப்பார், வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு தாமே நின்று விற்பார். இடைத்தரகர்களை விட்டுவிட்டு அயர்லாந்து விவசாயிகளிடமே நேராகச் சரக்கு எடுத்ததால் விலையைக் குறைக்க முடிந்தது. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். லிப்டன் என்றாலே விளம்பரம் என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுவதுண்டு. விளம்பரத்தைப் பார்த்து ஒருமுறை வந்த குடும்பத் தலைவி, வாங்கிய வெண்ணெய் நன்றாகவும் மலிவாகவும் இருந்ததால்தான் மறுவாரமும் வந்தார்.

ஆனால் விளம்பரமும் சாதாரணமாக இல்லை. கொழுத்த பன்றிகளைக் குளிப்பாட்டி, ரிப்பன் கட்டி, தாங்கள் லிப்டன் கடைக்குப் போவதாக விலாவில் எழுதி, கூட்டம் கூடும் நேரமாகப் பார்த்துத் தெருவில் ஓட்டிக்கொண்டு போவார்கள். பன்றி ஒன்று மிரண்டு குறுக்கே ஓடி வண்டிகள் நின்றுவிட்டால் இன்னும் நல்லது, ஊரே அதைப் பற்றிப் பேசும். கடைச் சன்னலில் வாரத்துக்கு ஒரு கேலிச்சித்திரம் மாட்டுவார். ஒரு படத்தில் விவசாயி ஒருவர் அழும் பன்றியை முதுகில் சுமந்து போகிறார். அதன் சொந்தபந்தம் அத்தனையும் லிப்டன் கடைக்குப் போய்விட்டதால் அது அநாதையாம். அதிலிருந்து அந்தப் பன்றிகளுக்கு லிப்டனின் அநாதைகள் என்றே பெயர் ஆகிவிட்டது. கடை வாசலில் இரண்டு கண்ணாடிகள். உள்ளே போகிறவரை ஒன்று ஒல்லியாகக் காட்டும். வெளியே வருகிறவரை மற்றது குண்டாகக் காட்டும். ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் அந்தக் கண்ணாடிகளைப் பார்க்கவே பிள்ளைகளை அழைத்து வந்தார்கள்.

1881 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பிரம்மாண்டமான பாலாடைக்கட்டியை வரவழைத்தார். அது துறைமுகத்திலிருந்து கடைக்கு வந்த வழி முழுக்கக் கூட்டம். அதற்குள் தங்கக் காசுகளைச் செருகி, வெட்டி விற்கப்போவதாக அறிவித்தார். போலீஸார் நின்று கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. சில மணி நேரத்தில் ஒரு துண்டு மிச்சமில்லை. பிறகு வேறு ஊர்களிலும் இதையே செய்தார். காசு தொண்டையில் சிக்கி ஆபத்தாகும் என்று ஓரிடத்தில் போலீஸார் எச்சரிக்க, அந்த எச்சரிக்கையையே பத்திரிகையில் பெரிதாக விளம்பரம் செய்தார். தங்கம் நிச்சயம் உள்ளே இருக்கிறது என்பதற்குப் போலீஸே சாட்சி ஆகிவிட்டது. 1887-இல் விக்டோரியா மகாராணியின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு ஐந்து டன் பாலாடைக்கட்டி தருவதாக எழுதினார். அரண்மனை வேண்டாம் என்று பதில் எழுதியது. அந்த மறுப்பும் செய்திதான்.

இன்னொரு தந்திரம் எல்லை மீறியது. வங்கி நோட்டு போலவே தோற்றமளிக்கும் லிப்டன் நோட்டுகளை அச்சடித்து ஊரெங்கும் கொடுத்தார். 15 ஷில்லிங் கொடுத்தால் ஒரு பவுன் மதிப்புள்ள சரக்கு கிடைக்கும் என்று அதில் எழுதியிருந்தது. எழுத்து படிக்கத் தெரியாதவர்கள் அதை உண்மையான பணம் என்று நினைத்து வாங்கிக்கொண்டார்கள். தெரிந்த சிலர் வேண்டுமென்றே மாற்றினார்கள். புகார்கள் வந்த பிறகே அது நின்றது. பொருளை விற்பவர் பேரில் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதையும், அந்த நம்பிக்கையால் முதலில் அடிபடுகிறவர் யார் என்பதையும் அந்த நோட்டு காட்டிவிட்டது.

1880-களின் முடிவில் அவருக்குப் பிரிட்டன் முழுவதும் கடைகள் இருந்தன. 1889-இல் அம்மாவும் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அப்பாவும் இறந்தார்கள். அம்மாவிடம் அளவற்ற பாசம் கொண்டவர் அவர். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. மது, புகை எதுவும் கிடையாது. வேலை ஒன்றுதான். இந்தக் காலத்தில்தான் தேயிலை அவர் வாழ்க்கைக்குள் வருகிறது.

அப்போது பிரிட்டனில் நல்ல தேயிலை ஒரு ராத்தல் ஏறக்குறைய 3 ஷில்லிங். தொழிலாளி வீட்டில் அது ஆடம்பரம். போதாக்குறைக்குக் கலப்படம். சீனத் தேயிலையில் சாயம் ஏற்றுவதும், குடித்துப்போட்ட இலையைக் காயவைத்து மறுபடி விற்பதும், வேறு இலைகளைக் கலப்பதும் அந்த நூற்றாண்டு முழுக்க நடந்தன. 1875-இல் உணவுக் கலப்படத்துக்கு எதிராகக் கடுமையான சட்டம் வந்தது. ஆனாலும் மக்கள் மனத்திலிருந்து பயம் போகவில்லை. கடைக்காரர் மரப்பெட்டியிலிருந்து அள்ளிக் கொடுப்பது எந்தத் தேயிலை, எப்போது வந்தது என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

லிப்டன் அந்த ராத்தலை 1 ஷில்லிங் 7 பென்சுக்குக் கொண்டுவந்தார். விலை பாதியாகக் குறைந்தால் மக்கள் சந்தேகப்படுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். மலிவான பொருள் மட்டமானது என்ற எண்ணம் எல்லா ஊரிலும் உண்டு. எனவே தேயிலையை ஒரு ராத்தல், அரை ராத்தல், கால் ராத்தல் பொட்டலங்களாக அடைத்து, எடையையும் தம் பெயரையும் மேலே அச்சடித்தார். பொட்டலத்தைக் கடைக்காரர் தொட முடியாது, கலக்க முடியாது, கட்டைவிரல் வைத்து நிறுக்கவும் முடியாது. ஒவ்வொரு ஊரின் குடிநீரும் வேறு என்பதால், அந்தந்தத் தண்ணீருக்கு ஏற்பத் தேயிலையைக் கலந்து விற்றார். நம் ஊர்த் தண்ணீருக்கென்றே செய்த தேயிலை என்ற நினைப்பு வந்துவிட்டால் அடுத்த கடைக்கு யார் போவார்?

ஒரு பெயரைப் பார்த்ததும் மனத்தில் எழும் சாய்வு இப்படித்தான் படிப்படியாக உருவாகிறது. பன்றி ஊர்வலத்தைப் பார்த்துச் சிரித்த சிறுவனுக்கு அந்தப் பெயர் முதலில் மகிழ்ச்சியாகப் பதிந்தது. அவன் அம்மாவுக்கு அது மலிவு விலையாகவும் சரியான எடையாகவும் பதிந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் அதையே வாங்கினார். சிறுவன் வளர்ந்து சம்பாதிக்கும்போது தேயிலை வாங்குவது ஒரு முடிவாக இல்லை, வழக்கமாகிவிட்டது. வழக்கமான பிறகு வேறு பொட்டலம் நல்லது என்று யாராவது சொன்னால், அதில் குறை கண்டுபிடிக்கத்தான் மனம் முயலும்.

1890-இல் லிப்டன் இலங்கைக்குப் போனார். மலைநாட்டில் அப்போது நிலம் மலிவு. 1869-இல் தொடங்கிய இலைநோய் ஒன்று காப்பித் தோட்டங்களை அழித்து, துரைமார் பலரை ஓட்டாண்டி ஆக்கியிருந்தது. லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இலேயே தேயிலை நட்டுக் காட்டியிருந்ததால் பலரும் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஹப்புத்தளைப் பக்கத்தில் தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை லிப்டன் வாங்கினார். அங்கே ஆலை கட்டினார். உயரத்திலிருந்து கொழுந்து மூட்டைகளை ஆலைக்கு இறக்கக் கம்பிவடம் போட்டார். தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்ப் பானைக்கு என்ற பொருளில் ஒரு வாசகத்தைப் பொட்டலங்களிலும் விளம்பரங்களிலும் பதித்தார். கொழுந்து பறிக்கும் பெண் படமாக வந்து நின்றார்.

அந்த வாசகம் முழு உண்மை இல்லை. லிப்டன் விற்ற மாபெரும் அளவுத் தேயிலையில் அவருடைய சொந்தத் தோட்டங்கள் கொடுத்தது சிறு பங்குதான். மற்றதெல்லாம் ஏலத்திலும் வணிகர்களிடமும் வாங்கிக் கலந்தது. ஆனால் படத்தைப் பார்த்த இங்கிலாந்துக் குடும்பம், பச்சை மலையையும் புன்சிரிப்போடு நிற்கும் அந்தப் பெண்ணையும் நம்பியது. தங்கள் கோப்பைக்கும் அந்த மலைக்கும் நடுவில் யாரும் இல்லை என்று நினைத்துக் குடித்தது.

நடுவில் இருந்தவர்கள் யார் என்பது நம் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணி திரட்டி வந்த கூட்டம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நாள்கணக்கில் நடந்து மலைநாடு சேர்ந்தது. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். சேர்ந்தவர்களுக்கு லயத்தில் ஓர் அறை. பயணச் செலவும் முன்பணமும் கடனாகத் தலையில் ஏறும். அந்தக் கடன் தொகையை எழுதிய காகிதத்துக்குத் துண்டு என்று பெயர். அதைத் தீர்ப்பவர் யாரோ, அவர் தோட்டத்துக்குத் தொழிலாளியைக் கொண்டுபோகலாம். கிளாஸ்கோ ஏழையின் கையில் லிப்டன் நோட்டு ஒரு விளையாட்டாக இருந்த நூற்றாண்டில், மலைநாட்டு ஏழையின் வாழ்க்கை இன்னொரு காகிதத்தில் கட்டுண்டு கிடந்தது. துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் கங்காணி வழி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் ஊர்ப் பெயர்கள்தாம் புதிது.

லிப்டன் ஈவிரக்கம் இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. 1897-இல் மகாராணியின் வைரவிழாவின்போது லண்டன் ஏழைகளுக்கு விருந்து வைக்கும் நிதிக்குப் பணம் சேராமல் தவித்தபோது, 25,000 பவுனை ஒரே காசோலையாகக் கொடுத்தார். மறுவருடம் சர் பட்டம் வந்தது. அதே 1898-இல் நிறுவனத்தின் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றபோது, தேவையைவிடப் பல மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன. கணக்குப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள் அல்லர் அவர்களில் பெரும்பாலோர். காலையில் குடிக்கும் தேநீரின் பெயரை நம்பிச் சேமிப்பைப் போட்டவர்கள். பொட்டலத்தின் மேல் உண்டான பிடிப்பு பங்குப் பத்திரத்துக்கும் தாவியது.

பாய்மரப் படகுப் போட்டியில் அவர் இறங்கியது அடுத்த அத்தியாயம். அமெரிக்கக் கோப்பை எனப்படும் போட்டிக்கு 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஐந்து ஆண்டுகளில் ஷாம்ராக் என்ற பெயரிலேயே படகுகளைக் கட்டிக்கொண்டு போனார். ஐந்து முறையும் தோற்றார். 1920-இல் முதல் இரண்டு ஓட்டங்களை வென்று, அடுத்த மூன்றையும் விட்டார். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் சிரித்த முகத்தோடு வென்றவர்களைப் பாராட்டினார். ஒரு முறைகூட நடுவரைக் குறை சொல்லவில்லை. அமெரிக்கர்களுக்கு அவர் மேல் அன்பு பொங்கியது. 1930-இல் நகைச்சுவை நடிகர் வில் ரோஜர்ஸ் யோசனை சொல்ல, பொதுமக்களே ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, தோற்றவருக்கு ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். ஜெயித்திருந்தால் அமெரிக்காவில் அவ்வளவு தேயிலை விற்றிருக்குமா என்பது சந்தேகமே. அவருடைய விளையாட்டு ஆசை உண்மையானதா, வியாபாரமா என்று அன்றே விவாதித்தார்கள். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கும். அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது.

சறுக்கலும் இருந்தது. 1914-இல், ராணுவ உணவகங்களுக்குச் சரக்கு விற்கும் ஒப்பந்தங்களுக்காக அவருடைய நிறுவன ஊழியர்கள் அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்த வழக்கு லண்டனில் நடந்தது. பலர் தண்டிக்கப்பட்டார்கள். லிப்டன் மேல் குற்றம் சாட்டப்படவில்லை, ஆனால் பெயர் அடிபட்டது. ஆச்சரியம் என்னவென்றால் தேயிலை வாங்கும் மக்கள் அதிகம் அசையவில்லை. அடுத்த ஆண்டே முதல் உலகப் போரில் தம் உல்லாசக் கப்பலில் மருத்துவர்களையும் தாதியரையும் ஏற்றிக்கொண்டு, விஷக்காய்ச்சலில் மக்கள் மடிந்துகொண்டிருந்த செர்பியாவுக்குப் போனார். பத்திரிகைகள் அதை எழுதின. பல ஆண்டுகளாகச் சேர்ந்த நல்லெண்ணம் ஒரு வழக்கைத் தாங்கிக்கொண்டது.

முதுமையில் நிறுவனத்தின் லாபம் குறைந்தது. பங்குதாரர்கள் முணுமுணுத்தார்கள். 1927-இல் பிரிட்டிஷ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை விட்டு விலகினார். 1931 அக்டோபர் 2 அன்று லண்டனின் வடக்கே இருந்த தம் வீட்டில் காலமானார். வாரிசு இல்லாததால் சொத்தின் பெரும்பகுதி கிளாஸ்கோ நகரத்துக்கு, அங்குள்ள ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பிறந்த கோர்பல்ஸ் வட்டாரத்திலேயே அம்மா, அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

உயிலில் கிளாஸ்கோ ஏழைகளுக்கு இடம் இருந்தது. ஹப்புத்தளை லயங்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. அவர் இறந்து பதினேழு ஆண்டுகளில், 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அந்தச் சிக்கல் முழுமையாகத் தீர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அதே ஆண்டுகளில் உலகம் முழுக்க இலங்கைத் தேயிலையைப் பற்றி மக்கள் மனத்தில் இருந்த படம் கொஞ்சமும் மாறவில்லை. பச்சை மலை, கூடை, புன்சிரிப்பு.

இன்று தம்பேதென்னத் தோட்டத்துக்கு மேலே, லிப்டன் உட்கார்ந்து தம் தோட்டங்களைப் பார்ப்பார் என்று சொல்லப்படும் மலை உச்சி ஒரு சுற்றுலாத் தலம். லிப்டன் இருக்கை என்று பெயர். விடியற்காலையிலேயே வெளிநாட்டுப் பயணிகள் ஆட்டோவில் ஏறிப் போகிறார்கள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபடி கையில் கோப்பையோடு லிப்டனின் சிலை. பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு, சூடாக ஒரு தேநீர் குடித்துவிட்டு இறங்குகிறார்கள். பாதையின் இரண்டு பக்கமும் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள்.